தண்ணீரில் ஒரு தாளிப்பு: ஜப்பானிய வீட்டுச் சமையல் எப்படி இயங்குகிறது?

ஜப்பானியச் சாப்பாடு என்றதும் நம் ஊரில் பலருக்கும் நினைவுக்கு வருவது பச்சை மீனும் சுஷியும்தான். ஜப்பானியர்களுக்கோ சுஷி பெரும்பாலும் கடையில் போய்ச் சாப்பிடுகிற பண்டம். வேலை முடிந்து களைத்து வருகிறவருக்கு வீட்டில் கிடைப்பது வேறு. ஒரு கிண்ணம் மிசோ சூப், உருளைக்கிழங்கும் இறைச்சியும் தித்திப்பும் உவர்ப்புமாக வெந்த நிக்குஜாகா, சுடுசோற்றின் மேல் கோழியும் முட்டையும் பரப்பிய ஓயாகோடோன், காய்ச்சல் வந்தால் ஒகாயு என்ற அரிசிக் கஞ்சி, பிள்ளைகள் கேட்டால் கறி ரைஸ். மனசுக்கு இதம் தரும் சாப்பாடு என்று ஒரு ஜப்பானியர் பட்டியல் போட்டால் இவற்றில் இரண்டு மூன்றாவது அதில் இருக்கும்.

செய்முறை எல்லாமே எளிது. ஐந்தாறு பொருள்கள் போதும்; பெரும்பாலானவை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அப்படியும் நம் வீடுகளில் செய்து பார்க்கிறவர்கள் சொல்வது ஒன்றுதான்: "எல்லாம் சரியாகத்தான் போட்டேன், ஆனால் சப்பென்று இருக்கிறது." அளவு தவறியிருக்காது. நாம் சுவையைத் தேடுகிற இடத்தில் அந்தச் சமையல் சுவையை வைக்கவில்லை, அவ்வளவுதான். நமக்கு அந்த இடம் தாளிப்பு. அதை வைத்தே ஜப்பானிய அடுப்பையும் புரிந்துகொள்ளலாம்.

எண்ணெய் இல்லாத அடுப்பு

தாளிக்கும்போது என்ன நடக்கிறது? காய்ந்த எண்ணெயில் விழும் கடுகின் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகித் தோலைப் பிளக்கிறது. சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாக மணத்தை விடுகின்றன. இந்த மணப்பொருள்களில் பெரும்பாலானவை தண்ணீரில் எளிதில் கரையாதவை, எண்ணெயில் கரைபவை. அந்த எண்ணெயைக் குழம்பில் கொட்டியதும் அது மேலே படர்ந்து, ஒவ்வொரு கவளத்தோடும் மணத்தை மூக்குக்குக் கொண்டுபோகிறது. அதே சீரகத்தையும் கறிவேப்பிலையையும் கொதிக்கும் குழம்பில் நேரே போட்டால் அந்த வாசனை வராது. ஆக, நம் சமையலில் சுவையைச் சுமப்பது எண்ணெய். அதை முதலில் அறிவது மூக்கு.

ஜப்பானிய வீட்டு அடுப்பில் நெடுங்காலம் இதற்கு வழி இல்லை. கி.பி. 675-இல் பேரரசர் டென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணக் கூடாது என்று தடை போட்டார். பௌத்தத்தின் செல்வாக்கில் பின்னாலும் இதுபோன்ற தடைகள் வந்தன. மறைவாகவும் மருந்தென்றும் இறைச்சி உண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் வெண்ணெயோ நெய்யோ பன்றிக் கொழுப்போ அன்றாடச் சமையலில் இடம்பெறவில்லை. தாவர எண்ணெயில் பெரும்பங்கு விளக்கெரிக்கப் போயிற்று. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி சாப்பிட்டார் என்று ஊரறியச் செய்த பிறகே நிலைமை வேகமாக மாறியது.

எண்ணெய் இல்லாதவர்கள் தாளிப்பைத் தண்ணீரில் செய்துகொண்டார்கள். தண்ணீரில் கரையும் சுவையைத் தண்ணீரிலேயே இறக்கி, அந்தத் தண்ணீரில் மற்றதெல்லாம் சமைத்தார்கள். அந்தத் தண்ணீரின் பெயர் டாஷி.

இரண்டு காய்ந்த பொருள்கள்

டாஷிக்கு வழக்கமாக வேண்டியவை இரண்டு. ஒன்று கோம்பு, வடக்கே ஹொக்கைடோ தீவைச் சுற்றியுள்ள குளிர்ந்த கடலில் வளரும் அகலமான கடற்பாசி. ரிஷிரி, ரவுசு, ஹிடாகா என்று விளையும் கடற்கரையின் பெயராலேயே அதை விற்கிறார்கள். மெய்ஜிக்கு முந்திய எடோ காலத்தில் ஜப்பான் கடலோரமாக ஓடிய வணிகக் கப்பல்கள் இதை ஒசாகாவுக்கு ஏற்றி வந்தன. அதனால்தான் ஒசாகா, கியோட்டோ பக்கத்துச் சமையலில் இன்றும் கோம்பின் கை ஓங்கியிருக்கிறது. காய்ந்த கோம்பின் மேல் வெள்ளைப் பூச்சு போல ஒன்று தெரியும். பூஞ்சை பிடித்துவிட்டதென்று கழுவிவிடாதீர்கள். அது மானிட்டால் என்ற, இயற்கையாக வெளிவரும் இனிப்புப் பொருள். ஈரத்துணியால் மண் தூசியை மட்டும் ஒற்றி எடுத்தால் போதும்.

மற்றது கட்சுவோபுஷி. வரிச்சூரை மீனைத் துண்டு போட்டு, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே ஒரு மணி நேரத்துக்கும் மேலாக வேகவைத்து, முள் எடுத்து, விறகுப் புகையில் திரும்பத் திரும்பக் காயவைக்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு இத்தோடு முடியாது. நல்ல பூஞ்சையை அதன் மேல் வளரவிட்டு, வெயிலில் காயவைத்து, மறுபடி வளரவிட்டு, மாதக்கணக்கில் பாடுபடுவார்கள். பூஞ்சை மிச்சமிருக்கும் ஈரத்தையும் கொழுப்பையும் தின்றுவிடும். கடைசியில் கிடைப்பது, ஒன்றோடொன்று தட்டினால் மரக்கட்டை போலச் சத்தமிடும் மீன். அதை இழைப்புளி போன்ற கருவியில் சீவி, மெல்லிய சீவல்களாக்கிப் பயன்படுத்துகிறார்கள். ககோஷிமா மாகாணத்தின் மாகுராசாக்கியும் ஷிசுவோகா மாகாணத்தின் யாய்சுவும் இதற்குப் பெயர்போன துறைமுகங்கள்.

தமிழர்களுக்கு இந்த மீன் முற்றிலும் புதிதல்ல. மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் இதே வரிச்சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் காயவைத்துத்தான் மாசி செய்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் மாலத்தீவில் தங்கியிருந்த இப்னு பதூதா இந்த மீனைப் பற்றியும், அது இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் போவதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். இலங்கைத் தமிழர் சம்பலில் இடித்துப் போடும் மாசிக் கருவாடு அதுதான். பூஞ்சை வளர்க்கும் கட்டம் மட்டும் மாசிக்குக் கிடையாது.

நாக்கில் என்ன நடக்கிறது?

1908-இல் டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் கிகுனாயே இகேடா, கோம்புத் தண்ணீரின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று பிரித்தெடுத்துக் காட்டினார். அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அடுத்த ஆண்டே அது வெள்ளைப் பொடியாகக் கடைக்கு வந்தது. நாம் அஜினமோட்டோ என்று சொல்வது அதைத்தான். 1913-இல் இகேடாவிடம் பயின்ற ஷின்டாரோ கொடாமா, கட்சுவோபுஷியின் சுவைக்கு ஐனோசினேட் காரணம் என்று கண்டார். மீனின் தசையில் ஆற்றலைத் தாங்கியிருந்த ஏடிபி என்ற பொருள், மீன் செத்த பிறகு சிதைந்து ஐனோசினேட்டாகிறது. அது மேலும் சிதைந்து வீணாகாமல் தடுப்பது வேகவைக்கும் சூடுதான்.

1950களின் பிற்பகுதியில் அகிரா குனினாகா, காய்ந்த ஷிட்டாக்கே காளானில் குவானிலேட் என்ற மூன்றாவது பொருளின் பங்கைக் கண்டறிந்தார். அதைவிட முக்கியமான வேறொன்றும் அவர் ஆய்வில் தெளிவானது. குளூட்டமேட்டோடு ஐனோசினேட்டோ குவானிலேட்டோ சேர்ந்தால் சுவை கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை, பல மடங்காக ஏறுகிறது. காரணம் நாக்கில் உள்ள ஏற்பி. அதன் இரு மடல்களுக்கு நடுவே குளூட்டமேட் போய் அமர்ந்ததும் மடல்கள் மூடிக்கொண்டு மூளைக்குச் சேதி போகிறது. பக்கத்திலேயே ஐனோசினேட் ஒட்டிக்கொண்டால் மூடிய மடல்கள் சட்டென்று திறக்காமல் நிலைக்கின்றன, சேதி வலுக்கிறது. கடற்பாசியையும் மீனையும் சேர்க்கும் வழக்கம் இந்த விஞ்ஞானத்துக்கு நூற்றாண்டுகள் முந்தியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். குளூட்டமேட்டுக்கு மணம் கிடையாது. டாஷியில் வரும் லேசான வாசனை மீனின் புகையும் கடலும்தான். நம் தாளிப்பு சமையலறைக்கு வெளியே நிற்பவருக்கும் தெரியும். இந்தத் தாளிப்பு வாயில் வைத்த பிறகுதான் தெரியும். சப்பென்று இருக்கிறது என்ற புகாரின் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, டாஷிக்குப் பதில் வெறும் தண்ணீரை ஊற்றிச் செய்தது.

டாஷி இறக்கும் முறை

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் கோம்பு, 20 கிராம் கட்சுவோபுஷி. தண்ணீரில் கோம்பைப் போட்டு அரை மணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு அடுப்பைச் சிறு தீயில் வைத்து மெதுவாகச் சூடேற்றுங்கள். அவசரமே கூடாத இடம் இதுதான். பாத்திரத்தின் அடியில் கடுகளவுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு, ஒன்றிரண்டு மட்டும் மேலே வரத் தொடங்கும்போது கோம்பை எடுத்துவிட வேண்டும். அதைக் கொதிக்கவிட்டால் ஆல்ஜினிக் அமிலம் போன்ற வழவழப்பான பொருள்களும் கடல்நெடியும் இறங்கிவிடும்.

இப்போது தண்ணீரை ஒரு கொதி வரவிட்டு அடுப்பை அணையுங்கள். கட்சுவோபுஷிச் சீவல்களைத் தூவுங்கள். முதலில் மிதக்கும், ஈரமேறியதும் ஒவ்வொன்றாக அடியில் படியும். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். துணியைப் பிழியாதீர்கள், கசப்பும் கலங்கலும் வரும். கிடைப்பது வெளிர்பொன் நிறத்தில் தெளிந்த நீர். வடித்த சக்கையை எறிய வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் சிறு தீயில் வைத்தால் இரண்டாம் டாஷி கிடைக்கும். காய்கறி வேகவைக்க அது போதும்.

தண்ணீரும் ஒரு பொருள்தான். ஜப்பானின் தண்ணீர் பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் கோம்பின் சுவை சரியாக இறங்காது. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வரும் வீட்டில் கடினத்தன்மை நீக்கிச் சுத்திகரித்த குடிநீரையே டாஷிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

சைவர்களுக்கும் வழி உண்டு. ஜப்பானிய பௌத்த மடங்களின் சமையலில் மீன் கிடையாது; அங்கே கோம்பும் காய்ந்த ஷிட்டாக்கே காளானும்தான் டாஷி. ஒரு லிட்டருக்கு 10 கிராம் கோம்பு, நான்கு காளான். குளிர்ந்த நீரில் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் ஊறவிட்டு, மறுநாள் ஒரு சூடு காட்டி வடிக்க வேண்டும். குளூட்டமேட்டும் குவானிலேட்டும் சேர்ந்த அதே பெருக்கல் இதிலும் நடக்கும்.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மலிவான இன்னொரு வழி நிபோஷி. சின்ன மீன்களை வேகவைத்துக் காயவைத்தது. ஜப்பானில் இதற்குப் பெரிதும் பயன்படுவது நம் நெத்திலியின் குடும்பத்தைச் சேர்ந்த மீன். தலையையும் குடலையும் கிள்ளிப் போட்டுவிட்டு, இரவில் ஊறவைத்து, காலையில் சில நிமிடம் சிறு தீயில் வைத்து வடிப்பார்கள். கிராமத்து வீடுகளில் மிசோ சூப்புக்கு இதுதான். உப்பு போடாத நெத்திலிக் கருவாடு கிடைத்தால் இங்கேயும் முயலலாம். மாசிக் கருவாட்டை இடித்துப் போட்டாலும் கட்சுவோபுஷிக்கு நெருங்கிய சுவை வரும். புகைநெடி தூக்கலாக இருக்கும் என்பதால் அளவைக் குறைத்துத் தொடங்குங்கள்.

இதையெல்லாம் தினமும் ஜப்பானியர்கள் செய்கிறார்களா? இல்லை. உடனே கரையும் டாஷிப் பொடி இல்லாத வீடு அங்கே குறைவு. முதலில் ஒருமுறை கையால் இறக்கிச் சுவை அறிந்துகொண்டு, பிறகு பொடிக்குப் போவதில் தவறில்லை. பொடியில் உப்பு இருக்கும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

மிசோ சூப்: அடுப்பை அணைத்த பிறகு

தாளிப்பு தயார் என்றால் முதல் பண்டம் ஐந்து நிமிட வேலை. ஒரு கிண்ணத்துக்கு 150 முதல் 200 மி.லி. டாஷி. அதில் டோஃபு, கீரை, முள்ளங்கி, வெங்காயம் என எதையாவது வேகவிடுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு மேசைக்கரண்டி மிசோவைக் கரண்டியில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையுங்கள். மறுபடி கொதிக்கவிடாதீர்கள்.

ஏன்? மிசோ என்பது சோயாவையும் உப்பையும் கோஜி என்ற பூஞ்சை வளர்த்த அரிசியையோ பார்லியையோ சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது. கோஜியின் நொதிகள் சோயாவின் புரதத்தை அமினோ அமிலங்களாக வெட்டுவதால் அதிலும் குளூட்டமேட் நிறைய. அது கொதித்தாலும் எங்கும் போகாது. புளிப்பில் உண்டான மணப்பொருள்களோ ஆவியாகிவிடும். இந்தச் சமையலில் மணமே குறைவு. இருப்பதையும் ஆவியில் விடுவானேன்?

நிக்குஜாகா: வரிசையும் மூடியும்

உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், மெல்லிய இறைச்சித் துண்டுகள். மாய்சுரு, குரே என்ற இரு கடற்படைத் துறைமுக நகரங்கள் இது எங்கள் ஊரில் பிறந்தது என்று இன்றும் போட்டி போடுகின்றன. செய்முறையில் கவனிக்க வேண்டியது இரண்டு.

ஒன்று, வரிசை. டாஷியில் காய் வேகத் தொடங்கியதும் முதலில் சர்க்கரை; சோயா சாஸ் பிறகு. சர்க்கரையின் மூலக்கூறு உப்பைவிடப் பெரியது, மெதுவாகத்தான் உள்ளே போகும். உப்பை முந்தவிட்டால் இனிப்பு உள்ளே ஏறாது என்பது அங்குள்ள சமையல்காரர்களின் கணக்கு. சோயா சாஸைப் பின்னால் ஊற்றினால் அதன் வாசனையும் தங்கும்.

இன்னொன்று, மூடி. பாத்திரத்தின் வாய்க்கு அல்ல, உள்ளே காயின் மேலேயே படியும்படி சற்றுச் சிறிய மரமூடி ஒன்றைப் போடுவார்கள். அது இல்லாதவர்கள் அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி, நடுவில் ஓட்டை போட்டு வைக்கலாம். கொதிக்கும் சாறு மூடியில் மோதித் திரும்புவதால் குறைந்த சாறே எல்லாத் துண்டுகளையும் நனைக்கும். துண்டுகள் உருண்டு உடையாது. வெந்ததும் உடனே பரிமாறாமல் அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு சூடாக்கினால் சாறு கிழங்கின் உள்ளேவரை ஊறியிருக்கும். இறைச்சி வேண்டாமென்றால் இதே முறையில் மஞ்சள் பூசணியை மட்டும் சமைக்கலாம். ஜப்பானிய வீடுகளில் அதுவும் அன்றாடப் பண்டம்தான்.

ஓயாகோடோன்: முட்டையின் இரண்டு வெப்பநிலைகள்

கோழியும் முட்டையும் சேர்ந்த இந்தச் சோற்றுக் கிண்ணம் 1891-இல் டோக்கியோவின் நிங்யோச்சோ பகுதியில் உள்ள டமாஹிடே என்ற உணவகத்தில் பிறந்தது என்பது அந்த உணவகம் சொல்லும் வரலாறு. டாஷி எப்படி வேலை செய்கிறது என்று ஒரே பண்டத்தில் பார்க்க விரும்பினால் இதைச் செய்யுங்கள்.

ஒருவருக்கு அளவு: டாஷி 80 மி.லி., சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி, மிரின் ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. மிரின் என்பது ஒட்டரிசியில் செய்த, சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உள்ள இனிப்புத் திரவம். கிடைக்காவிட்டாலும் வேண்டாமென்றாலும் கூடுதலாக ஒரு தேக்கரண்டி சர்க்கரையும் சிறிது தண்ணீரும் போதும். மினுமினுப்பு கொஞ்சம் குறையும்.

ஆழமில்லாத சிறு வாணலியில் இந்தச் சாறு கொதிக்கட்டும். அரை வெங்காயத்தை மெல்லியதாக நறுக்கிப் போடுங்கள். எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 100 கிராம், சிறு துண்டுகளாக. நடுத்தரத் தீயில் ஐந்தாறு நிமிடத்தில் கறி முழுதும் வெந்துவிடும். ஒரு துண்டை வெட்டி உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரண்டு முட்டையை உடைத்து, நாலைந்து தடவை மட்டும் கலக்குங்கள். ஆம்லெட்டுக்கு அடிப்பதுபோல் நுரைக்க அடித்தால் பண்டத்தின் அழகே போய்விடும். வெள்ளைக் கரு 60 டிகிரியைத் தாண்டியதுமே உறையத் தொடங்கினாலும், அதன் முக்கியப் புரதம் இறுகுவதற்கு 80 டிகிரிவரை வேண்டும். மஞ்சள் கருவோ 65 முதல் 70 டிகிரிக்குள் கெட்டியாகிவிடும். இரண்டும் தனித்தனித் திட்டுகளாக இருந்தால்தான் ஒரே வாயில் இரண்டு பதமும் கிடைக்கும்.

கலக்கியதில் மூன்றில் இரண்டு பங்கை வாணலியின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வட்டமிட்டு ஊற்றுங்கள். ஓரங்கள் வெளுத்து, கறியைச் சுற்றிச் சுருங்கி, நடுவில் மஞ்சள் இன்னும் நெளிந்துகொண்டிருக்கும். அப்போது மிச்சத்தை ஊற்றி மூடிபோடுங்கள். ஜப்பானில் அரை நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கே முட்டையைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கத்தை ஒட்டியே கழுவி, சோதித்து, நாள் குறித்து விற்கிறார்கள். நம் சந்தை முட்டைக்கு அந்த ஏற்பாடு பொதுவாகக் கிடையாது. அதனால் திரவம் எதுவும் மிஞ்சாமல் மென்மையாக உறையும்வரை, இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுவைப்பதே நல்லது. பிறகு வாணலியைச் சாய்த்து அப்படியே சோற்றின் மேல் வழியவிடுங்கள். அடியிலிருக்கும் சாறு சோற்றில் இறங்கும். அந்தச் சோற்றில்தான் தாளிப்பு இருக்கிறது.

சோறு

ஜப்பானிய அரிசி குட்டையானது, அமிலோஸ் என்ற மாவுப்பொருள் குறைந்தது. அதனால் வெந்ததும் பருக்கைகள் ஒட்டிக்கொள்ளும், சாறு ஒழுகாமல் நிற்கும். 1956-இல் பெயர் சூட்டப்பட்ட கொஷிஹிக்காரி இன்றும் அங்கே முன்னணி ரகம். கழுவி அரை மணி நேரம் ஊறவைத்து, அரிசியின் அளவைவிடச் சற்றே கூடுதலாகத் தண்ணீர் வைத்து, மூடி திறக்காமல் வேகவிட்டு, அணைத்த பிறகும் பத்து நிமிடம் புழுங்கவிட வேண்டும். வடித்தல் கிடையாது. இங்கே கிடைப்பதில் குண்டான பச்சரிசியைக் கொஞ்சம் குழைய வைத்தால் வேலை நடக்கும். புழுங்கலரிசி வேண்டாம், நெல்லிலேயே ஒருமுறை வெந்த அந்த அரிசி இறுகி, பருக்கை பருக்கையாக நிற்கும்.

கறி ரைஸ்: எண்ணெய் வந்து சேர்ந்த கதை

இதுவரை சொன்னதற்கெல்லாம் விதிவிலக்கு கறி ரைஸ். இதில் தாளிப்பு கொழுப்பில்தான். காரணம், இது வெளியிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து கறிப்பொடியை எடுத்துப் போன ஆங்கிலேயர்கள் அதை மாவு சேர்த்துக் கெட்டியாக்கினார்கள். அந்த வடிவம் மெய்ஜி காலத்தில் ஜப்பானுக்குப் போயிற்று. 1872-இலேயே ஜப்பானிய சமையல் நூல்களில் கறிக்குச் செய்முறை வந்துவிட்டது. இந்தியாவிலிருந்து நேராகப் போனதும் உண்டு. ஜப்பானில் அடைக்கலம் புகுந்த விடுதலைப் போராளி ராஷ் பிஹாரி போஸ் சொல்லிக்கொடுத்த கறியை, டோக்கியோவின் நகாமுராயா என்ற கடை 1927-இல் தன் உணவகத்தில் பரிமாறத் தொடங்கியது. ஆனால் வீடுகளைப் பிடித்தது ஆங்கிலேயர் வழி வந்த கறிதான். ஆப்பிளும் தேனும் சேர்த்து, பிள்ளைகளுக்கென்று காரம் குறைத்த வெர்மான்ட் கறிக்கட்டி 1963-இல் வந்தது.

வெங்காயம் சிவக்க வதக்கி, இறைச்சி, கேரட், உருளைக்கிழங்கு சேர்த்து, தண்ணீர் விட்டு வேகவைத்து, கடைசியில் கறிக்கட்டியைப் போடுவார்கள். கட்டி என்பது கொழுப்பில் வறுத்த கோதுமை மாவும் மசாலாவும் சேர்ந்து உறைந்தது. அதைப் போடும்முன் அடுப்பை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொதிக்கும் நீரில் விழுந்தால் கட்டியின் மேற்புற மாவு உடனே பசையாகி, உள்ளே இருப்பதைக் கரையவிடாமல் மூடிக்கொள்ளும். சூடு சற்றுத் தணிந்த நீரில் முதலில் கொழுப்பு உருகும், மாவுத் துகள்கள் தனித்தனியே பிரியும். பிறகு மறுபடி கொதிக்கவிட்டால் கட்டியில்லாமல் ஒரே சீராகக் கெட்டியாகும். வாங்கும்போது உறையைப் படியுங்கள். பல கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ இருக்கும்.

மறுநாள் கறிதான் ருசி என்று ஜப்பானியர்களும் சொல்வார்கள். ஆனால் பானையோடு அடுப்பிலேயே இரவு முழுக்க விடாதீர்கள். கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரின்ஜென்ஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் பிழைத்து, மெல்ல ஆறும் கெட்டிக் குழம்பின் அடியில், காற்றில்லாத இடத்தில் பெருகும். அகலமான பாத்திரத்தில் மாற்றிச் சீக்கிரம் ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் அடிவரை கிளறிக் கொதிக்கவிடுங்கள்.

மிஞ்சிய கறியில் டாஷி ஊற்றி இளக்கி, தடித்த கோதுமை நூடுல்ஸ் மேல் ஊற்றினால் அது கறி ஊடோன். எண்ணெயின் தாளிப்பும் தண்ணீரின் தாளிப்பும் ஒரே கிண்ணத்தில் சேரும் பண்டம். ஜப்பானியச் சமையல் நம் நாக்குக்கு ஒத்துவருமா என்று தயங்குகிற வீட்டில் இதிலிருந்து தொடங்கலாம்.

எதை வாங்குவது?

கோம்பு, நல்ல ஜப்பானிய சோயா சாஸ், ஒரு சிறு டப்பா மிசோ. இந்த மூன்று போதும். மீன் தேவைப்படுகிறவர்கள் கட்சுவோபுஷியையோ நெத்திலியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். கோம்பு காற்றுப்புகாத டப்பாவில் நெடுநாள் கெடாது. மிசோ குளிர்சாதனப் பெட்டியில் மாதக்கணக்கில் இருக்கும். மிரின், விசேஷ வினிகர், மூங்கில் பாய், அழகான கிண்ணங்கள் எல்லாம் பிறகு.

வாங்கி வந்த அன்று வேறெதுவும் சமைக்க வேண்டாம். டாஷி மட்டும் இறக்கி, ஒரு டம்ளரில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுச் சூடாகக் குடித்துப் பாருங்கள். அது உங்களுக்குப் பிடித்தால் மேலே சொன்ன பண்டங்களில் பெரும்பாலானவையும் பிடிக்கும். பிடிக்காவிட்டால் மற்ற பொருள்களுக்குச் செலவழிக்காதீர்கள்.